ஒலிப்பெட்டிகள் பெருகினால் வசனம் விளங்குமா?

எம்மவர் இல்லங்களில் அண்மைக்காலமாக ஒரு போட்டி தலைதூக்கியுள்ளது. ஐந்து ஒலிப்பெட்டிகள் உள்ள வரவேற்பறைக்கு ஏழு வேண்டும். ஏழு உள்ளவருக்கு மேற்கூரையிலும் இரண்டு வேண்டும். முதலாவது தொகுதியின் தவணைப்பணம் கட்டி முடியுமுன்னரே அடுத்ததற்கு விலை விசாரிக்கின்றனர். இச்செலவால் அடையும் பயன் யாது?

தொழில்நுட்பத்தை நாம் இகழவில்லை. 1995இல் ‘குருதிப்புனல்’ டொல்பி ஒலியமைப்புடன் வெளிவந்தது. 2012இல் ‘சிவாஜி’ முப்பரிமாண வடிவில், டொல்பி அற்மொஸ் ஒலியுடன் மீண்டும் திரைக்கு வந்தது. ஆயினும் அவை திரையரங்கின் பரப்பையும் உயரத்தையும் கருதி அமைக்கப்பட்ட ஒலிகள். சுவிற்சர்லாந்தில் நாம் வாழ்வதோ பெரும்பாலும் வாடகைத் தொடர்மாடிகளில். 40 ஹேர்ட்ஸ் தாழ்சுர ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றர். கம்பளமும் திரைச்சீலையும் அதனைத் தடுக்கமாட்டா. சீமெந்துத் தளத்தை அதிரச்செய்து கீழ்வீட்டாரின் படுக்கையறையை அது எட்டும். அயலவர்பால் கவனம் காட்டுவது வாடகையாளரின் கடமை எனக் கடப்பாட்டுச் சட்டத்தின் 257எஃப் பிரிவு விதிக்கின்றது. எழுத்துமூல எச்சரிக்கையின் பின்னரும் தொல்லை தொடருமாயின், முப்பது நாள் அவகாசத்துடன் மாத இறுதியில் வீட்டை விட்டு எழுப்பவும் அதில் இடமுண்டு. பெட்டிக்காக வீட்டை இழக்கலாமா?

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. முதிய தாய் தந்தையருக்கு வசனம் விளங்குவதில்லை. அவர்களுக்காக ஒலியைக் கூட்டுகின்றோம், மறுகணமே சண்டைக்காட்சி வெடிக்கின்றது, பதறிக் குறைக்கின்றோம், வசனம் மீண்டும் மறைகின்றது. இதற்குப் பின்புறப் பெட்டிகள் மருந்தல்ல. 5.1 ஒலியமைப்பில் வசனத்தின் பெரும்பகுதி முன்புற நடுப்பெட்டிக்கே செல்கின்றது. பின்னால் வருவன மழையும் வாகன இரைச்சலுமே. செலவழித்தே தீரவேண்டுமெனில் நல்லதொரு நடுப்பெட்டிக்குச் செலவழிக்கலாம். அதனை அலுமாரிக்குள் ஒளித்துவைக்காது, அமர்ந்திருப்பவரின் செவியை நோக்கித் திருப்பிவைத்தல் வேண்டும். அதற்கும் முன்னர், கைவசமுள்ள கருவியில் நடுப்பெட்டியின் ஒலியை மட்டும் உயர்த்திப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் இரவுநேர ஒலி என்றொரு அமைப்பும் உண்டு. அது பேரொலியைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்தும். இவற்றுக்கு ஒரு பிராங்கும் செலவில்லை. அம்மாமார் விரும்பிப் பார்க்கும் ‘பராசக்தி’ 1952இல் ஒற்றைத் தட ஒலியில் உருவானது. அதற்குப் பதினொரு பெட்டிகள் வைத்தும் பயனில்லை.

இத்தனைக்குப் பின்னரும் வசனம் விளங்காவிடின் கோளாறு செவியில் இருக்கலாம். காது வைத்தியரிடம் காட்டுங்கள். இந்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் பெறுவோரின் செவிக்குறைபாடு உரிய அளவினதென உறுதிசெய்யப்பட்டால், கேட்கும் கருவிக்கென முதியோர் காப்புறுதி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு தொகை வழங்குகின்றது. மொழி அறியாமையால் எம் முதியோர் பலர் அதற்கு விண்ணப்பிப்பதில்லை. புதிய ஒலிப்பெட்டிக்குச் சிறு எழுத்திலுள்ள ஜேர்மன் விளக்கக் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த விண்ணப்பப் படிவம் கடினமானதன்று.