கடலுக்குப் பக்கத்துல உக்காந்து கடல் கதை!

செமஸ்டர் முடிஞ்சு, ஹால் டிக்கெட்டை மடிச்சு பீரோவுல போட்டாச்சா? 'லீவுல என்ன படிக்கிறே?'ன்னு யாராவது கேட்டா, 'கேட் கோச்சிங், பைத்தான் கோர்ஸ்'னு சொல்லி எஸ்கேப் ஆகிற கூட்டம்தானே நாம! இந்த வாரம் அந்தக் கேள்விக்கு நிஜமான பதில். எஞ்சினீயரிங் படிக்கிற உங்க மாணவ நிருபர் இந்தக் கோடையில படிச்சது அத்தனையும் கதைப் புத்தகம். அதுவும் பெரும்பாலும் ஒரே சப்ஜெக்ட்... கடல்!

காரணம் சிம்பிள். சொந்த ஊர் கோவளம். 'கேரளாவா?'ன்னு கேக்காதீங்க, ப்ளீஸ். ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து பதில் சொல்லி வாய் வலிக்குது. ஈ.சி.ஆர்-ல முட்டுக்காடு தாண்டினதும் வர்ற கோவளம். சரித்திரப் புத்தகத்துல எங்க ஊருக்கு ஒரே ஒரு வரிதான்... 1752-ல் ராபர்ட் கிளைவ் இங்கே இருந்த கோட்டையைப் பிடிச்சான்னு. கோட்டை இருந்த இடத்துல இப்போ நட்சத்திர ஹோட்டல் நிக்குது. வலை இழுக்கிறவனுக்கு அந்த வரியில இடமில்லை. சரி, வேற ஊர்க் கடலாவது கதையில எப்படி இருக்குன்னு பார்ப்போம்னு ஆரம்பிச்சேன்.

முதல்ல வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977-ல் வந்த சின்ன நாவல். தனியா படிச்சா ரெண்டே நாள்ல முடிஞ்சிடும். எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. ஏன்னா, அப்பாவுக்குச் சத்தமா படிச்சுக் காட்டினேன். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா சொன்னவர் அவர். ஃபைபர் படகு வெச்சிருக்கார். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம்கிறது பெரிய விசைப்படகுகளுக்குத்தான். அதனால அப்பாவுக்கு லீவு கிடையாது. விடியக்காலம் கடல், பொழுது சாய்ஞ்சா கிழிஞ்ச வலையைத் தைச்சுக்கிட்டே கதை. மூணாவது நாள் அவரே கேட்க ஆரம்பிச்சுட்டார், "அந்த மிக்கேலு இன்னா பண்றான்?"

குரூஸ் மிக்கேல்தான் அந்த மிக்கேலு. வாத்தியார் வேலை பார்க்கிற மகன், 'வீட்டையும் வல்லத்தையும் வித்துட்டு என்னோட வாங்க'ங்கிறான். அப்பன் மசிய மாட்டேங்கிறான். கரையில லாஞ்சுக்காரங்களுக்கும் வல்லக்காரங்களுக்கும் பகை வேற.

எங்க வீட்ல இந்தக் கதை அப்படியே உல்டா! "நீ டிகிரி முடிச்சு வேலைக்குப் போ, அடுத்த நாளே படகை வித்துடறேன்"னு சொல்றது அப்பா. 'வேணாம்ப்பா'ன்னு முனகறது நான். எனக்கு இன்ஜினைப் பிரிச்சு மாட்டத் தெரியும். மீன் எங்கே நிக்கும்னு தெரியாது. புத்தகம் முடிஞ்ச ராத்திரி அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "அவனுக்கு வேற இன்னா தெரியும்? அதான் விக்கலை. உனக்கு வேற தெரியணும்னுதானே படிக்க வெச்சேன்"னார். அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை.

அடுத்தது 'செம்மீன்'. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ல் மலையாளத்துல எழுதினது. தமிழுக்குக் கொண்டு வந்தவர் சுந்தர ராமசாமி. 1965-ல் ராமு காரியத் படமா எடுத்தார், தாத்தா பாட்டிகளைக் கேளுங்க. கறுத்தம்மா - பரீக்குட்டி லவ்ஸ்னு ஜாலியா உள்ளே போனா, குறுக்கே ஒரு நம்பிக்கை வந்து நிக்குது. கடலுக்குப் போனவன் உயிர், கரையில இருக்கிற பெண்டாட்டியோட கற்புல இருக்காம்!

இதை எங்க ஆயாகிட்ட படிச்சுக் காட்டினதுதான் இந்த சம்மரோட பெரிய ரகளை. ஆயா நாப்பது வருஷம் கூடையைத் தூக்கிட்டு பஸ் ஏறி, கேளம்பாக்கத்துல மீன் வித்தவங்க. "காத்துக்கும் அலைக்கும் என் நடத்தை எப்படிடா தெரியும்? உங்க தாத்தா திரும்பி வராத அன்னிக்கு நான் வெய்யில்ல மீன் வித்துனு இருந்தேன். அப்பவும் நாலு பேரு நாலு விதமாத்தான் பேசினாங்க"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டாங்க. புத்தகத்தை மூடப் போனேன். "அந்தப் பொண்ணு இன்னா ஆனா? படி"ன்னு ஒரு அதட்டல். முடிவை இங்கே சொல்ல மாட்டேன். அதைக் கேட்டுட்டு ஆயா ரெண்டு நாள் என்கூடப் பேசலை, அவ்ளோதான். தகழி அந்த நம்பிக்கையை ஒத்துக்கிறாரா, கேள்வி கேக்கிறாரான்னு எனக்குக் கடைசி வரைக்கும் டவுட். என்னைக் கேட்டா, காதலைவிட அதுதான் இந்த நாவலோட சரக்கு.

தாம்பரம் போற பஸ்ல ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளக் கூலிகளோட வாழ்க்கை. அந்த ஜனங்களை நேர்ல பார்த்துப் பேசி எழுதினவர். எங்க கோவளம் - கேளம்பாக்கம் ரோட்டுலயும் ஜன்னலோரம் உப்பளம் ஓடும். இப்பல்லாம் அங்கே குனிஞ்சு வேலை செய்யறவங்களோட காலைத்தான் கண்ணு தேடுது.

'கதைன்னா போரடிக்கும், டெக்னிக்கலா ஏதாவது சொல்லு'ங்கிறவங்களுக்கு, கடல் கதையே இல்லைன்னாலும், அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973). சென்னையில ஒரு தெரு, ஜமுனா, அவ தங்கை சாயா, காத்து மட்டும் வர்ற குழாய். படிச்சு முடிச்சுட்டு கோவளத்துலேர்ந்து தெற்கே பைக்கை விடுங்க. நெம்மேலியில கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கற ஆலை. 2013-ல் ஆரம்பிச்சது நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024-ல் வந்த இன்னொண்ணு 15 கோடி லிட்டர். கரை அரிக்குதுன்னு சூளேரிக்காட்டுக்குப்பத்து ஜனங்க போராடினதும் அந்தப் பக்கம்தான். ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் பத்தி பதினாறு மார்க் பதில் எழுதியிருக்கேன். ஜமுனாவை அப்போ தெரியாது!

காசு இல்லையா? ஞாயித்துக்கிழமை திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல தேடுங்க. இல்லேன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஏ.சி-யும் இலவசம்.

இப்போ கையில ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004). உவரிக்காரர், அந்தக் கரைப் பேச்சுலயே எழுதியிருக்கார். பக்கத்துக்கு நாலு வார்த்தை புரியலை. நடமாடும் டிக்‌ஷனரியா அப்பா இருக்கார்னு பார்த்தா, அவருக்கே தகராறு! நம்ம மத்தி, தெக்கே சாளை. அங்கே சீலான்னா நம்ம வஞ்சிரம், நம்ம ஷீலா வேற மீன். அப்பாவும் நானும் பாதி புத்தகத்துல நிக்கிறோம். காலேஜ் திறக்கிறதுக்குள்ள முடிக்கணும்.

நீங்க என்ன படிக்கிறீங்க? புத்தகப் பேர் மட்டும் போதாது பாஸ், யாருக்குப் படிச்சுக் காட்டினீங்க, அவங்க என்ன சொன்னாங்கன்னும் எழுதிப் போடுங்க. திட்டினா, திட்டையும் சேர்த்து!