மெனுவில் ஊர் எங்கே?

இப்ப ஒரு இணையத்தளம் செய்யிறது பெரிய வேலையில்லை. விக்ஸ், வேர்ட்பிரஸ், கூகிள் சைட்ஸ் என்று ஏதோ ஒன்றைத் திறந்து, ஒரு டெம்ப்ளேட்டைத் தெரிவுசெய்து, படத்தை மாற்றி, பெயரைப் போட்டால் பின்னேரத்துக்குள்ள தளம் தயார். கோடிங் தெரியத் தேவையில்லை. தொடங்குறதுக்குக் காசும் தேவையில்லை. எங்கட பக்கத்தில கோயில், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், கூத்துக் குழு என்று பலரும் இப்படித்தான் தளம் திறக்கிறாங்க. நல்ல விசயம்.

ஆனால் அந்தத் தளங்களின் மேல்பக்கத்தில வரிசையா நிற்கிறது என்ன? ஹோம், அபவுட் அஸ், சேர்விசஸ், கலரி, நியூஸ், கொன்டாக்ட். கோயிலுக்கும் அதுதான், கழகத்துக்கும் அதுதான், கூத்துக் குழுவுக்கும் அதுதான். கூத்துக் குழுவுக்கு என்ன 'சேர்விசஸ்'?

நாங்கள் சொல்ல வாறது ஒன்றுதான். ஒரு தளத்தில் என்னென்ன பக்கம் இருக்கவேணும், எது எதுக்குக் கீழே வரவேணும் என்று தீர்மானிக்கிறது வெறும் டிசைன் வேலையில்லை. எங்கட ஊரை நாங்கள் எப்படி விளங்கி வச்சிருக்கிறோம் என்பதை அதுதான் காட்டும். அந்தத் தீர்மானத்தை டெம்ப்ளேட்டிடம் விட்டுக்குடுக்கக் கூடாது.

கடைக்குத் தைச்ச சட்டை

இந்தத் தளங்கள் பெரும்பாலும் சிறு வியாபாரங்களை மனதில் வைத்து உருவானவை. அதனால்தான் சில தளங்கள் முதலில் உங்கட 'பிஸ்னஸ்' என்ன வகை என்று கேட்கின்றன. அந்த மெனு ஒரு சலூனுக்கோ ஹோட்டலுக்கோ சரியாப் பொருந்தும். வாற ஆளுக்கு விலை தெரியவேணும், படம் பார்க்கவேணும், தொலைபேசி இலக்கம் வேணும். அவ்வளவுதான்.

எங்கட விசயங்கள் அப்படியில்லை. ஒரு கிராமத்துக் கூத்துக் களரியில் எடுத்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட்டில் அதுக்கு இடம் 'கலரி' மட்டும்தான். எல்லாப் படமும் அங்க போய் விழும். எந்த ஊர், எந்த வருசம், வடமோடியா தென்மோடியா, அண்ணாவியார் யார், எந்தக் கதை ஆடினாங்க, ஒன்றும் இருக்காது. பத்து வருசம் கழிச்சுப் பார்க்கிற பிள்ளைக்கு அது மினுங்கிற உடுப்புப் போட்ட ஆக்களின் படம், வேறொன்றுமில்லை.

பேஸ்புக்கில் இருந்த அதே பிரச்சினையைத்தான் தளத்துக்குக் கொண்டுபோகிறோம். பேஸ்புக் பக்கத்தில் பதிவுகள் பெரும்பாலும் நேரப்படிதான் அடுக்கப்படும். புதுசு மேலே வரும், பழசு கீழே போகும். தேடிப் பிடிக்கிறது மணலுக்குள்ள ஊசி தேடுற மாதிரி. சொந்தமாத் தளம் செய்யிறதன் பெரிய பயனே அடுக்கு எங்கட கையில் இருக்கிறதுதான். வேர்ட்பிரஸில் 'பதிவு' வேறு, 'பக்கம்' வேறு. பதிவு திகதிப்படி ஓடிப்போகும், பக்கம் நின்ற இடத்தில் நிற்கும். இந்த வருசம் களரி நடந்த செய்தி ஒரு பதிவு. அந்த ஊர்க் கூத்து என்பது ஒரு பக்கம். இந்த வித்தியாசம் விளங்கினாலே பாதி வேலை முடிஞ்சுது.

எந்தக் கோட்டால் பிரிக்கிறது?

சரி, டெம்ப்ளேட்டின் மெனுவை அழிச்சிட்டோம். அடுத்தது என்ன வைக்கிறது? இங்கதான் உண்மையான சிக்கல் தொடங்குது.

அரசாங்கக் கணக்கில் மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். மண்முனை வடக்கு, போரதீவுப்பற்று, கோறளைப்பற்று மத்தி என்று போகும் பட்டியல். பற்று என்கிற பழைய சொல் இன்னும் அதில் உயிரோடு இருக்கிறது சந்தோசம். ஆனால் சனம் அப்படிக் கதைக்கிறதில்லை. சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிற வாவியை நடுவில் வச்சு, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை என்று சொல்லும். களுவாஞ்சிகுடியும் தேற்றாத்தீவும் எழுவான்கரை. கொக்கட்டிச்சோலையும் மண்டூரும் படுவான்கரை. ஒரு கரைக்காரர் மற்றக் கரைக்குக் கலியாணம் முடிச்சுப் போனால் அதிலேயே ஒரு கதை இருக்கும். எங்கட ஊர்களைப் பற்றிய தளத்துக்கு இதைவிட இயல்பான மெனு எது? பார்க்கிற ஆள் கேட்கிற முதல் கேள்வியே "எந்தக் கரை?" என்பதுதானே.

ஆனால் வடக்கே வாகரைக்கு இந்தப் பிரிப்பு ஒத்துவராது. அங்க வேற களப்பு. ஒரே சூத்திரம் எல்லாருக்கும் சரிவராது என்பதுக்கு இதுவே சாட்சி.

இன்னொரு உதாரணம் பாருங்கள். சுவாமி விபுலாநந்தருக்கு ஒரு பக்கம் போடவேணும். எங்க போடுறது? அவர் 1892இல் பிறந்தது காரைதீவில். அம்பாறை மாவட்டம் 1961இல் பிரிஞ்ச பிறகு காரைதீவு அந்த மாவட்டத்தில். அவரது சமாதி இருப்பது கல்லடி உப்போடையில். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் கொழும்பில் பேராசிரியர். 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூரில். மெனுவை 'மாவட்டம்' என்று பிரிச்சால் விபுலாநந்தர் மட்டக்களப்பில் பிறக்கவில்லை என்று வந்துவிடும்! வீ. சீ. கந்தையா 1964இல் தன்ர நூலுக்கு 'மட்டக்களப்புத் தமிழகம்' என்று பெயர் வச்சபோது, அவர் மனதில் இருந்த மட்டக்களப்பு இண்டைய மாவட்ட எல்லைக்குள் அடங்கிற ஒன்றில்லை.

சீர்காழிக்காரர் சொன்ன வழி

இந்தச் சிக்கலைத் தீர்க்க நாங்கள் புதுசா ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. விபுலாநந்தர் பிறந்த அதே 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இதைப் பற்றி ஆழமா யோசிச்சவர். கணிதம் படிப்பிச்சிட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் 1931இல் நூலாக எழுதினார். அதில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேணும் என்பது. மெனு செய்யிற எவருக்கும் இந்த ஒரு விதி போதும்.

அவரது மற்றக் கொடை 1933இல் வந்த கோலன் வகைப்பாடு. ஒரு விசயத்தை ஒரேயொரு பெட்டிக்குள் திணிக்காமல் அதன் பல முகங்களைத் தனித்தனியாப் பிரிச்சு, பிறகு சேர்க்கிறதுதான் அதன் அடிப்படை. எது, எதனால் ஆனது, என்ன நடக்குது, எங்க, எப்ப. எங்கட கூத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கதை, எந்த மோடி, எந்த ஊர், எந்த வருசம், யார் அண்ணாவியார். ஒவ்வொன்றும் ஒரு முகம்.

இதை வெப்சைட் பாசையில் சொன்னால், ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு, பல வாசல். வீடு என்பது மெனுவில் அது இருக்கிற இடம். வாசல்கள் என்பது டாக், வகை, பக்கத்துக்குப் பக்கம் போடுற இணைப்பு. விபுலாநந்தர் பக்கத்தின் வீடு 'ஆக்கள்' என்பதுக்குக் கீழே இருக்கட்டும். காரைதீவுப் பக்கத்திலிருந்தும், கல்லடிப் பக்கத்திலிருந்தும், இசை பற்றிய பக்கத்திலிருந்தும் அதுக்கு வாசல் போடலாம். ஒரே பக்கத்தை மூன்று இடத்தில் கொப்பி அடிச்சு வைக்கக் கூடாது. ஒன்றைத் திருத்தினால் மற்ற ரெண்டும் பழசாகவே கிடக்கும்.

இதை எங்கட ஆக்களே செய்து காட்டியும் இருக்கிறாங்க. 2005இல் தொடங்கின நூலகம் தளத்தைப் பாருங்கள். விக்கி முறையில் அமைந்தது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பக்கம், ஒரு நூலக எண். நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம் என்று வகை. பளபளப்பில்லை, அசையிற படமில்லை. ஆனால் தேடுறவருக்குக் கிடைக்கும்.

மெனுவில் இல்லாத ஆக்கள்

இனி கொஞ்சம் கசப்பான கதை. மெனுவில் எது இருக்கு என்பதைவிட எது இல்லை என்பதுதான் முக்கியம்.

'மட்டக்களப்பு' என்று பெயர் வச்சு, மெனுவில் 'ஆலயங்கள்' என்று மட்டும் போட்டால், காத்தான்குடியும் ஏறாவூரும் ஓட்டமாவடியும் எந்தப் பக்கத்தில் வரும்? பறங்கியர் எங்க? வாகரைப் பக்கத்து வேடர் சமூகம் எங்க? வேணுமென்று விட்டதில்லை என்று சொல்லலாம். ஆனால் பெட்டிக்குப் பெயர் வைக்கும்போதே யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவாகிவிடுது. 'ஆலயங்கள்' என்பதை 'வழிபாட்டிடங்கள்' என்று மாற்ற அரை நிமிசம் போதும். அந்த அரை நிமிசத்தில் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் வாசல் திறக்குது.

அதேபோல 'பிரமுகர்கள்'. அந்தப் பெயரில் பக்கம் திறந்தால் யார் யார் வருவாங்க என்று எங்களுக்குத் தெரியும். அதிபர், தலைவர், வண்ணக்கர், உறுப்பினர், பெரும்பாலும் ஆம்பிளைகள். தமிழரிலும் முஸ்லிம்களிலும் குடி தாய்வழியா வாற மண் இது. வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குப் போற வழக்கம் உள்ள ஊர்கள் இவை. அப்படியிருக்க ஊரைப் பற்றிய தளத்தில் ஒரு மருத்துவிச்சிக்கோ, பாய் இழைக்கிற பெரியம்மாவுக்கோ, தாலாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த மாமிக்கோ பக்கம் இல்லையென்றால் பிழை எங்க இருக்கு? பெட்டியின் பெயரில்தான். 'பிரமுகர்கள்' என்பதை 'ஊராக்கள்' என்று மாற்றிப் பாருங்கள். எழுதவேண்டிய பட்டியலே மாறும்.

முகவரியை மாற்றாதீங்க

பக்கங்களை இழுத்து இழுத்து இடம் மாற்றுறது இந்தத் தளங்களில் சுகமான வேலை. ஆனால் வேர்ட்பிரஸில் ஒரு பக்கத்தை இன்னொன்றுக்குக் கீழே கொண்டுபோனால் அதன் முகவரியும் மாறும். ஏற்கெனவே வட்ஸ்அப்பில் போன இணைப்பு செத்துப்போகலாம். கனடாவில் இருக்கிற ஒரு ஆள் தன்ர ஊர்ப் பக்கத்தைத் தேடிவந்து 'பக்கம் இல்லை' என்று பார்த்தால் திரும்ப வரமாட்டார். வலையை உருவாக்கின டிம் பேர்னர்ஸ்-லீ, குடுத்த முகவரியை மாற்றக் கூடாது என்று 1998இலேயே எழுதிவிட்டார். அதனால்தான் அடுக்கை முதலில் கடதாசியில் போடச் சொல்றோம். கட்டாயம் மாற்றவேண்டி வந்தால், பழைய முகவரிக்கு வாறவரைப் புதுசுக்குத் திருப்பிவிடுற வசதியைப் பாவியுங்கள்.

தலைப்புத் தமிழில் இருக்கட்டும், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமா இருக்கட்டும். 'மட்டக்களப்பு' என்ற ஒரு சொல்லை முகவரியில் போட்டு கொப்பி செய்தால், பல இடங்களில் அது வீதக்குறியும் எழுத்தும் இலக்கமும் கலந்த 108 குறிகளாக நீளும். பார்க்கிறவர் வைரஸ் என்று பயப்படுவார்.

தளத்தையே நம்பி இருக்கவும் கூடாது. 1994இல் தொடங்கின ஜியோசிட்டீஸ், பயனர்களின் பக்கங்களை 'அயல்' அயலாப் பிரிச்சு வீட்டு இலக்கம் மாதிரி முகவரி குடுத்தது. 1999இல் யாகூ வாங்கி அந்த முறையைக் கைவிட்டது. 2009 ஒக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் ஓடி ஓடிச் சேமிச்சதுதான் இண்டைக்கு மிச்சம். எனவே எழுத்தையும் படங்களையும் கோப்புறைகளாக வேற இடத்திலும் வச்சிருங்கள். கோப்புறைகளின் அடுக்கும் மெனுவின் அடுக்கும் ஒன்றாக இருந்தால், நாளைக்கு வேற தளத்துக்கு மாறுறது லேசு.

"தேடினால் வரும்தானே?"

வரும், தேடுறதுக்கு ஏதாவது இருந்தால். எங்கட ஊர்த் தளங்களில் பாதி விசயம் நோட்டீஸ் படமாத்தான் கிடக்கு. இன்னும் சிலது பாமினி எழுத்துருவில் அடிச்சு ஒட்டினது. கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யுனிகோட் தமிழில் ஒரு தலைப்பும், தலைப்புக்குக் கீழே நாலு வரியும் இல்லாத பக்கத்தை கூகிளுக்கும் விளங்காது. தேடல் இருக்கு என்பதற்காக அடுக்கு வேண்டாம் என்று இல்லை. தேடி வந்தவர் அந்த ஒரு பக்கத்தோடு போகாமல் அடுத்த ஊருக்கும் போறதுக்கு அடுக்கு வேணும்.

கடைசியாக

தளம் செய்யப் போறவங்களுக்கு எங்கட வேண்டுகோள் இதுதான். மடிக்கணினியைத் திறக்க முதல் கொஞ்சம் சின்னக் கடதாசித் துண்டுகளை எடுங்கள். ஒரு துண்டில் ஒரு விசயம் எழுதுங்கள். ஊர், ஆள், திருவிழா, குளம், கூத்து, வெள்ளம், பள்ளிக்கூடம். பிறகு அதை ரெண்டு மூன்று பேரிட்டக் குடுத்து அடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாணவி, ஒரு மீன்பிடிக்கிற அண்ணன், ஒரு வயசான ஆள். அவங்க அடுக்கிற விதம்தான் உங்கட மெனு. அவங்க சொல்ற பெயர்தான் மெனுவில் வரவேண்டிய சொல். பெரும்பாலானவங்க போனில்தான் பார்க்கப் போறாங்க, மூன்று கோட்டுக்குள் ஒளிஞ்சிருக்கிற மெனுவில். அதனால் மேல்மட்டத்தில் சொல் குறைவா இருக்கட்டும், தெளிவா இருக்கட்டும்.

ஒரு தளத்தில் நூறு பக்கம் வேணும் என்றில்லை. ஊர், வருசம், ஆளின் பெயர் சரியாப் போட்ட பத்துப் பக்கம் போதும். ஒரு அண்ணாவியார் இருக்கும்போதே அவரிட்டக் கேட்டு எழுதின ஒரு பக்கம், பெயரில்லாத படங்கள் நிறைஞ்ச கலரியைவிடப் பெரிசு. அந்தப் பக்கத்தை முதலில் செய்யுங்கள். கலரி பிறகு வரட்டும்.