தூணுக்குள் கேட்ட சிரிப்பு



புதுப்படம் வெளியான வாரத்தில் யாரிடம் பேசினாலும் முதலில் வருவது ஒரே வேண்டுகோள்தான்: "முடிவை மட்டும் சொல்லிடாதீங்க." நியாயம்தான். ஆனால் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில், இராப்பத்தின் எட்டாம் நாள் ஸ்ரீரங்கம் கோயிலின் மணல்வெளிக்கு வந்து பாருங்கள். அன்று வேடுபறி. குதிரை வாகனத்தில் மணக்கோலப் பெருமானாக நம்பெருமாள் வருவார். திருமங்கை மன்னன் வழிமறித்துக் கொள்ளையடிப்பார். கொள்ளையடிக்க வந்தவர் திருமந்திரம் கேட்டு ஆழ்வாராவார். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூட இந்த முடிவு தெரியும். ஆனாலும் கூட்டம் நெருக்கியடிக்கிறது.

குதிரையில் வருவது யார் என்று நமக்குத் தெரியும், திருமங்கை மன்னனுக்குத் தெரியாது. அவர் அறியும் அந்தக் கணத்தைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் எக்கி நிற்கிறார்கள். கதைக்குள் இருப்பவர் அறிந்ததற்கும் கேட்கிற நாம் அறிந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கதைசொல்லியின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்த மாதம் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

அதே கோயிலில், தாயார் சன்னதிக்கு அருகே, மேட்டழகிய சிங்கர் சன்னதிக்கு எதிரில் ஒரு கல் மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்பார்கள். தரிசன அவசரத்தில் பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் பாடியபோது, "வான்மீகத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம்?" என்று புலவர்கள் மறுத்தார்களாம். மேட்டழகிய சிங்கரே சிரித்துத் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார் என்பது இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி.

ஒரு பத்திரிகை ஆசிரியராக அந்தப் புலவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. இராமன் படையோடு கடற்கரைக்கு வந்துவிட்டான். இலங்கையில் மந்திராலோசனை நடக்கிறது. போர் எப்போது மூளும் என்று காத்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களில் வேறொரு கதை! இன்று அப்படி ஒரு பிரதி மேசைக்கு வந்தால், "வேகம் குறைகிறது, சுருக்கலாம்" என்று ஓரத்தில் எழுதத்தான் கை போகும்.

ஆனால் அந்தக் கதையை யார் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். வீடணன் இராவணனிடம் சொல்கிறான். வரங்களின் மமதையில் அழிந்த ஒருவனைக் காட்டி அண்ணனைக் காப்பாற்றப் பார்க்கிறான். இராவணனோ அதே கதையில் வேறொன்றைக் கேட்கிறான். தந்தை அழிந்தபின் அரசை அடைந்த பிரகலாதனைப் போல, நான் தோற்றபின் என் செல்வத்தை அடையலாம் என்று பார்க்கிறாயா என்று சீறுகிறான். தம்பி சொன்னது எச்சரிக்கை, அண்ணன் காதில் விழுந்தது துரோகம். வீடணன் இலங்கையை விட்டு வெளியேறுவது அதற்குப் பிறகுதான். கதையைத் தேக்குவதுபோலத் தோன்றும் கிளைக்கதையால் இரண்டு சகோதரர்களின் பிரிவு நம் கண்முன்னே நிகழ்ந்துவிடுகிறது. இராவணன் தன் முடிவைத் தானே முழுக்கக் கேட்டும் அதை அடையாளம் காணவில்லை. நாம் கண்டுகொள்கிறோம். இதைவிடத் துல்லியமாக ஒரு கிளைக்கதையை எங்கே பொருத்திவிட முடியும்?

அந்தப் படலத்துக்குள்ளேயே இன்னோர் இடம். இரணியன் தூணை அறைகிறான். தூண் உடனே பிளந்துவிடுவதில்லை. முதலில் சிரிப்புதான் கேட்கிறது. உருவம் இன்னும் வரவில்லை. அந்தச் சிரிப்பு யாருடையது என்று பிரகலாதனுக்குத் தெரியும், அதனால் ஆடுகிறான், அழுகிறான், பாடுகிறான். இரணியனுக்குத் தெரியாது, சிரித்தது யாரடா, வெளியே வா என்று அறைகூவுகிறான். அதன் பிறகுதான் தூண் பிளக்கிறது. ஒரே ஓசையை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்பதைக் காட்டிவிட்டுத்தான் கம்பர் சிங்கத்தைக் காட்டுகிறார். ஓசையை முன்னே விட்டு உருவத்தைப் பின்னே கொண்டுவரும் இந்த உத்தியை இன்று திகில் படம் எடுப்பவர்கள் எல்லோரும் கையாள்கிறார்கள். 1939-ல் தொடங்கிய நம் திருச்சி வானொலியின் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இது புதிதில்லை. செருப்புச் சத்தம் கேட்டதுமே, வருகிறவர் முகத்தை நாமே வரைந்துகொண்டவர்கள் அல்லவா!

அரையர் சேவையையும் இங்கே சொல்ல வேண்டும். குல்லா, கைத்தாளம், பாசுரம், அபிநயம், வியாக்கியானம். வேடமாற்றம் கிடையாது. அதில் முத்துக்குறி என்ற பகுதியில் ஒரே அரையர்தான் நோயுற்ற மகள், தவிக்கும் தாய், குறி சொல்லும் கட்டுவிச்சி எல்லாம். மகளை வாட்டுவது பெருமாள் மீதுள்ள காதல் என்று சேவிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், தாய்க்கு மட்டும் தெரியவில்லை. காரணத்தை முன்பே அறிந்துகொண்டு அந்தத் தாயின் தவிப்பைப் பார்க்கும்போது நெஞ்சு இன்னும் இளகுகிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் போன படம் 'அந்த நாள்' (1954). நம் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாய்கிறார். கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். துப்பறிபவருக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) தந்த தூண்டுதலில், பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்தார். குரோசாவா உண்மையை முடிச்சவிழ்க்காமல் விட்டார், பாலசந்தர் அவிழ்த்துக் காட்டினார். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கலாம். சொல்கிற ஒவ்வொருவரும் தம்மை அறியாமல் தம்மையே காட்டிக்கொடுப்பது இரண்டாம் முறைதான் கண்ணில் படும்.

இலக்கியத்திலும் திரையிலும் அறிதலின் இடைவெளியைக் கையாளும் இந்தக் கலையைத் தமிழில் அநாயாசமாகச் செய்தவர் ஒருவர் நம் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் கிரிக்கெட் ஆடி, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். எஸ். ரங்கராஜன் என்கிற சுஜாதா. அவருடைய முதல் கதை 1953-ல் திருலோக சீதாராமின் 'சிவாஜி' இதழில் வந்தது. திருச்சியிலிருந்து வந்த ஒரு சிறு பத்திரிகை! என் தொழிலின் மேல் எனக்குள்ள மரியாதை கூடுகிற இடம் அது. அவருடைய 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் கதை சொல்கிறவன் பெரும்பாலும் ஒரு பையன். ரங்கு கடையில் பெரியவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி அப்படியே நம்மிடம் சொல்கிறான். அவனுக்குப் பாதிதான் புரிகிறது. மீதிப் பாதி நமக்குப் புரிந்துவிடுகிறது, மனசு கனக்கிறது. சுஜாதா எங்கேயும் விளக்கம் சொல்ல வருவதில்லை.

அவர் வசனம் எழுதிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்திலும் இதே அடக்கத்தைப் பார்க்கலாம். மணிரத்னம் முதலில் நம்மை இலங்கைக்கு அழைத்துப்போய் ஷ்யாமாவின் திருமணத்தையும் பிரிவையும் காட்டிவிடுகிறார். ஷ்யாமாவுக்குப் பிறந்து சென்னையில் வளரும் சிறுமி அமுதா, தான் வளர்ப்பு மகள் என்று அறிவது ஒன்பதாவது பிறந்தநாளில்தான். அதுவரை அவள் ஓடியாடிச் சிரிப்பதையெல்லாம், தெரிந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த உண்மையைக் கடைசி வரை நம்மிடமும் மறைத்திருந்தால் ஒரு அதிர்ச்சி கிடைத்திருக்கும், அந்தச் சிறுமியின் மேல் இவ்வளவு பரிவு வந்திருக்காது. படத்தில் அமுதாவின் அப்பா மனைவி பெயரில் கதை எழுதுகிறவர். சுஜாதா என்பதும் ரங்கராஜனின் மனைவி பெயர்தான். அந்தக் காட்சிகளில் நம் ஊர்க்காரர்கள் நிச்சயம் புன்னகைத்திருப்பார்கள்.

இவ்வளவும் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு வரும் சிறுகதைகளில் கணிசமானவை கடைசி வரிக்காக ஒரு தகவலைப் பூட்டி வைத்துக்கொண்டே நடக்கின்றன. பேசிக்கொண்டிருந்தவர் இறந்துபோனவர், கடிதம் எழுதியது தங்கை, இப்படி. நல்ல மொழி, நல்ல மனிதர்கள், எல்லாம் அந்த ஒரு வரிக்குப் பலியாகிவிடுகின்றன. கதாசிரிய நண்பர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்: அந்தத் தகவலை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு எழுதிப் பாருங்கள். கிளைக்கதை வந்தால் பயந்து வெட்டாதீர்கள். யார் யாரிடம் சொல்கிறார் என்பதை மட்டும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் வீட்டில் நடந்த ஒரே சம்பவத்தை அத்தை ஒரு மாதிரியும் சித்தப்பா வேறு மாதிரியும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இரண்டையும் அவர்கள் சொன்ன வாக்கிலேயே, பெயர்களை மட்டும் மாற்றி, ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். எது சரி என்று தீர்ப்பு எழுத வேண்டாம். தேர்ந்தெடுத்து வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்