பதிவேட்டுக்குக் காவல்

ஒரு குழந்தை பள்ளியில் சேரும் நாளில், அது அரிச்சுவடியைத் தொடுவதற்கு முன்பே அதன் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், வாழும் இடம், சாதி, சமயம் ஆகியவை அன்றும் எழுதப்பட்டன, இன்றும் எழுதப்படுகின்றன. ஆயினும், எழுதும் இடம் மாறிவிட்டது. எழுதும் அளவும் பெருகிவிட்டது. இம்மாற்றத்தால் விளையும் நன்மை யாது, தீமை யாது என்பதை மாணவர்களாகிய நீங்களே ஆராய்ந்து அறிதல் வேண்டும். அப்பதிவேட்டில் உள்ளவை உங்களைப் பற்றிய செய்திகள் அல்லவா?

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் சாலையில் அமைந்துள்ளது சமயநல்லூர். இவ்வூரைச் சூழ்ந்த பகுதியில் நான் தமிழாசிரியனாகப் பணி தொடங்கிய காலத்தில், சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் இருந்தது. அதனைக் காண விரும்புவோர் பள்ளிக்கு நடந்து வரவேண்டும், காரணம் கூறவேண்டும், தலைமையாசிரியரும் இசைய வேண்டும். அலமாரியின் பூட்டும், கடக்கவேண்டிய தொலைவும், தலைமையாசிரியரின் கண்ணும் ஆகிய மூன்றும் அப்பதிவேட்டுக்குக் காவலாக நின்றன. இக்காவலை ஒருவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. தாளில் எழுதிய பதிவேட்டின் இயல்பே அதற்குக் காவலாயிற்று.

இன்று தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் 'எமிஸ்' எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் தனி எண் ஒன்று உண்டு. சேர்க்கையும், வருகையும், மதிப்பெண்ணும், அரசு வழங்கும் நலத்திட்டங்களும் அவ்வெண்ணின்கீழ் ஏறுகின்றன. மாற்றுச் சான்றிதழும் அதன் வழியாகவே வழங்கப்படுகிறது. 2011 ஆம் ஆண்டு அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2019 ஆம் ஆண்டு கல்வித் தொலைக்காட்சி தோன்றியது. உங்கள் பாடநூல்களிலேயே விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. ஆகவே, கணினி பள்ளிக்குள் வரலாமா என்னும் வினா பழையதாயிற்று. வந்துள்ள கணினி எதை அறியலாம், எதுவரை அறியலாம் என்பதே இன்று நாம் கேட்கவேண்டிய வினா.

கணினிப் பதிவேட்டால் விளையும் நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. செங்கல் சூளை வேலைக்காக ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் செல்லும்போது, பிள்ளையின் படிப்பும் பாதியில் அறுந்துபோவதுண்டு. முன்னாளில் அப்பிள்ளை எங்குச் சென்றது என்பதை ஆசிரியர் அறிய வழியில்லை. இன்று மாணவரின் எண் அப்பிள்ளையைத் தேட உதவுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரியில் சேராதவரை இனங்கண்டு அழைக்கும் 'உயர்வுக்குப் படி' என்னும் முயற்சியும் இத்தகைய பட்டியலைக் கொண்டே நடைபெறுகிறது. ஏழைப் பிள்ளையைக் கைவிடாமல் பின்தொடரும் பதிவேடு நல்ல பதிவேடே.

ஆனால், நீர் நிறைந்த கண்மாய் ஊருக்கு நன்மை தருகிறது என்பதற்காக, கரையும் மடையும் இல்லாத கண்மாயை எவரேனும் வெட்டுவரோ? தேக்கும் அளவு பெருகப் பெருகக் கரையும் உறுதியாதல் வேண்டும். தாளில் இருந்த செய்தியைத் திருட நினைத்தவன் ஒரு பள்ளியின் பூட்டை உடைத்தால் ஒரு பள்ளியின் செய்தியே கிடைக்கும். கணினியில் ஒரு கதவு திறந்து கிடந்தால் ஒரு நாட்டின் செய்தியே வெளியேறிவிடும்.

இது வெறும் அச்சம் அன்று. நடுவண் அரசின் 'தீக்‌ஷா' என்னும் கல்விச் செயலியைச் சார்ந்த சேமிப்பகம் ஒன்று ஓராண்டுக்கு மேல் காவலின்றித் திறந்து கிடந்தது என்னும் செய்தி 2023 சனவரியில் வெளிவந்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் அதில் இருந்தன. ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணவர்களின் பெயர்களும், அவர்கள் பயின்ற பள்ளி பற்றிய செய்திகளும் அதில் இருந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளிப் பதிவேடுகளைக் காத்துவந்த 'பவர்ஸ்கூல்' என்னும் நிறுவனத்தின் கணினிகளில் 2024 டிசம்பரில் திருட்டு நிகழ்ந்தது. திருடியவற்றை அழித்துவிடுவதாகக் கூறியதை நம்பி நிறுவனம் பணம் கொடுத்தது. எனினும், 2025 மே மாதத்தில் அதே செய்திகளைக் காட்டிப் பள்ளி நிருவாகங்களைச் சிலர் மிரட்டினர். களவுபோன நகை மீண்டால் மீண்டதே. களவுபோன செய்தியோ, மீண்டது போலத் தோன்றினும் திருடனிடமும் இருக்கும்.

"ஏழைப் பிள்ளையின் செய்தியைத் திருடி ஒருவன் அடையும் பயன் என்ன?" என்று சிலர் வினவுவர். உதவித்தொகை வந்திருப்பதாகக் கூறிப் பெற்றோரை ஏமாற்றும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றித் தமிழகக் காவல்துறை எச்சரித்துள்ளது. நடவு வயலில் நிற்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கைப்பேசி ஒலிக்கிறது. அழைப்பவன் அவள் மகளின் பெயரைச் சொல்கிறான், பள்ளியைச் சொல்கிறான், வகுப்பையும் சொல்கிறான். இவ்வளவும் அறிந்தவன் பள்ளியைச் சேர்ந்தவனாகவே இருப்பான் என்று அவள் நம்புகிறாள். கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கூறிவிடுகிறாள். அவள் வங்கியில் சேர்த்து வைத்த சிறு தொகை அந்நொடியே மறைந்து போகிறது. செல்வர்க்கு அது சிறு இழப்பு. அவளுக்கோ ஓராண்டு உழைப்பு. ஆதலின், காவல் மிகுதியாக வேண்டப்படுவது ஏழையின் செய்திக்கே.

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. நம் தென்மாவட்டங்களில் சாதி ஒரு மாணவனின் உயிருக்கே ஊறாவதை நாம் கண்டிருக்கிறோம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன்பயின்ற மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதன் பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. வகுப்பு வருகைப் பதிவேட்டில் சாதியைக் குறிக்கும் எந்தக் குறிப்பும் இருத்தல் கூடாது. சாதியைச் சுட்டி ஆசிரியர் மாணவரை அழைத்தல் கூடாது. உதவித்தொகை பற்றிய செய்தியை மாணவரைத் தனியே அழைத்துக் கூறவேண்டும் என அவ்வறிக்கை பரிந்துரைத்தது.

இப்பரிந்துரைகளின் நுட்பத்தை ஊன்றி நோக்குங்கள். உதவித்தொகை வழங்க அரசுக்குச் சாதிச் சான்று வேண்டும். எனவே அதனைப் பதியாமல் இருத்தல் இயலாது. ஆனால், உதவுவதற்காகப் பெற்ற அச்செய்தியே வகுப்பறையில் உரக்க வாசிக்கப்படுமாயின் காயம் செய்யும் கருவியாகிறது. செய்தி ஒன்றே, அது யார் கண்ணில், எவ்விடத்தில், எதற்காகப் படுகிறது என்பதே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது. தனியுரிமை என்று அறிஞர் கூறுவதன் உட்பொருள் இதுவே. மறைத்து வாழ்தல் அதன் பொருள் அன்று. உரிய செய்தி உரியவரிடம் மட்டும் உரிய காரணத்திற்காகச் செல்லுதல் என்பதே அதன் பொருள். இந்நெறி தாளில் எழுதிய பதிவேட்டுக்குப் பொருந்துமாயின், கணினிப் பதிவேட்டுக்குப் பன்மடங்கு பொருந்தும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. நன்னூலார் மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்தி, அன்னம், பசு முதலியவற்றை முதல் மாணாக்கர்க்கும், ஓட்டைக் குடம் முதலியவற்றைக் கடை மாணாக்கர்க்கும் உவமை ஆக்கினார். ஆனால், அவர் வகைப்படுத்தியது இயல்பினை. எவர் பெயரின் எதிரிலும் அவ்வகையை எழுதி வைக்கவில்லை. ஆறாம் வகுப்பில் ஓட்டைக் குடமாக இருந்த சிறுவன் பத்தாம் வகுப்பில் அன்னமாகலாம். ஆசிரியர் மனம் பழைய குறையை மறந்து புதிய நிறைவைக் காணும். கணினியோ மறவாது. ஆறாம் வகுப்பில் இட்ட குறிப்பு ஒரு மாணவனை அவன் வளர்ந்த பின்னும் தொடருமாயின், திருந்துதற்கு அவனுக்குள்ள உரிமை என்னாவது? மறதியும் ஒரு வகையில் ஆசிரியரின் அருளே.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26 அன்று வழங்கிய தீர்ப்பில், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கல் ஆகாது என்றும், ஆதார் இல்லாமையால் எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டம் மறுக்கப்படலாகாது என்றும் அந்நீதிமன்றம் கூறியது. 2023 இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரின் செய்திகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்தல் கூடாது என்றும் விதித்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு அவை வகுக்கப்பட்டன. எனினும், கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் அவர்களைக் கண்காணிக்கக் கல்வி நிலையங்களுக்கு அவ்விதிகள் சில விலக்குகளை அளிக்கின்றன. சட்டம் விட்ட இடத்தில் பள்ளியின் மனச்சான்றே வேலியாதல் வேண்டும்.

பெற்றோர் இசைந்துவிட்டால் போதும் என்று எண்ணுதலும் தகாது. சுவீடன் நாட்டின் ஷெலெஃப்டியோ நகரில் ஒரு பள்ளி 22 மாணவரின் வருகையை முகங்காணும் கருவியால் பதிந்து பார்த்தது. வீட்டாரின் இசைவும் பெறப்பட்டிருந்தது. ஆயினும், பள்ளியின் கையை எதிர்பார்த்து நிற்கும் மாணவர் தரும் இசைவு உண்மையான இசைவாகாது என்று கூறி, 2019 ஆகஸ்டில் அந்நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் நகராட்சிக்கு 2,00,000 குரோனர் தண்டம் விதித்தது. நம் நாட்டிலும் 2018 டிசம்பரில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இத்தகைய கருவி சோதனையாக நிறுவப்பட்டது. பெயரை அழைத்து, "உள்ளேன் ஐயா" என்னும் விடையைக் கேட்டுப் பதிய இரண்டு நிமிடம் போதுமன்றோ? சிறு செயலுக்கு ஒரு பிள்ளையின் முகத்தையே விலையாகக் கேட்டல் முறையாகுமா? தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எவ்வாறு மாற்றுவது?

ஆகவே, ஒவ்வொரு பள்ளியும் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளுதல் நன்று என்பது என் கருத்து. வேண்டிய செய்தியை மட்டும் கேட்டல் முதல் நெறி. எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பெற்றோர்க்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுத்தல் இரண்டாவது. ஒன்றுக்கெனப் பெற்றதை மற்றொன்றுக்குப் பயன்படுத்தாமையும், பிறர்க்கு அளியாமையும் மூன்றாவது. பணி முடிந்தபின் தேவையற்றதை அழித்தல் நான்காவது. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மாணவரின் பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியலைக் கைப்பேசிக் குழுக்களில் பரப்பாதிருத்தலே நல்ல தொடக்கமாகும்.

மாணவர்களே! உங்கள் கடமையும் சிறிதன்று. கடவுச்சொல்லை நெருங்கிய நண்பனிடமும் கூறாதீர்கள். ஒரு செயலி உங்கள் இருப்பிடத்தைக் கேட்டால், பாடத்திற்கும் இருப்பிடத்திற்கும் என்ன தொடர்பு என்று வினவுங்கள். உதவித்தொகை பற்றி எவர் அழைத்தாலும், பள்ளியில் கேட்டபின் விடை தருவதாகப் பெற்றோரைக் கூறச் செய்யுங்கள். உடன்பயிலும் தோழனின் மதிப்பெண்ணோ, சாதியோ, வறுமையோ உங்களுக்குத் தெரியவரின், அதனைப் பிறர் செவிக்குக் கொண்டு செல்லாதீர்கள். நாளை உங்களுள் ஒருவர் ஆசிரியராகலாம், ஒருவர் கணினி வல்லுநராகலாம், ஒருவர் அதிகாரியாகலாம். அன்று ஓர் ஏழைப் பிள்ளையின் பதிவேடு உங்கள் கையில் இருக்கும். அதனைத் திறக்கும் முன், அப்பிள்ளையின் தாய் உங்கள் எதிரில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.