எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதாது

‘உழவர் அறுவடை செய்த நெல்லைக் களஞ்சியத்தில் சேமித்தார்.’ இந்த வரியைத் தடுமாறாமல் படித்துவிடும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், களஞ்சியம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பார்கள். நெல் எங்கே போனது என்று கேட்டாலும் அதே மௌனம்தான்.

எழுத்துகள் பிடிபட்டுவிட்டால் முன்பின் கேட்டிராத சொல்லையும் தமிழில் உரக்க வாசித்துவிடலாம். அது நம் மொழியின் வசதி. ஆங்கிலம் படிக்கும் பிள்ளை தெரியாத சொல்லில் பெரும்பாலும் தடுக்கி நிற்கும், ஆசிரியர் கவனித்துவிடுவார். தமிழ்ப் பிள்ளை தடுக்காமல் போய்விடுவதால் பொருள் புரியாத குறை வெளியே தெரிவதில்லை. ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்தில்தான் அது மொத்தமாக வெளிப்படுகிறது. எழுத்தறியும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு என்று 1986-ல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு; நம் தருமபுரி மாவட்டத்தில் 68.5. மாநிலத்திலேயே கடைசி இடம். ஆகவே எழுத்தறிவிப்பதில் இங்கே அவசரம் காட்டப்படுவது நியாயமே. கொரோனா விடுமுறைக்குப் பிறகு, பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சோதிக்கும் 2022 ஏசர் (ASER) கணக்கெடுப்பில், தமிழகக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அந்த ஆண்டு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. அது தேவையான திட்டம். ஆனால் படித்த கதையைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்கிறதா என்பதற்கும் அதே எடை தர வேண்டும்.

சொல்வளம் அகராதியிலிருந்து வருவதில்லை. மாசி, பங்குனியில் நம் ஊர்த் திண்ணைகளில் புளி தட்டும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்தியைப் பாருங்கள். ஓடு எது, நார் எது, கொட்டை எது, எது பழம், எது செங்காய் என்று ஐந்து வயதிலேயே அவளுக்கு அத்துப்படி. கையால் தொட்டு, ‘ஏன் ஆயா?’ என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்த சொற்கள் அவை. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் அந்த ஆயாதான் முதல் ஆசிரியர். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் கன்னடமோ தெலுங்கோ பேசும் வீடுகளும் உண்டு. வகுப்பறை இந்த வீட்டுச் சொற்களில் தொடங்கிப் பாடநூல் தமிழுக்குப் போகட்டும். ‘வூட்டுப் பேச்சு வேண்டாம்’ என்று அடக்கினால் பிள்ளை பேச்சையே நிறுத்திவிடும்; பேசாத பிள்ளைக்குப் புதுச் சொல் எப்படி ஒட்டும்?

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தினமும் இருபது நிமிடம் ஆசிரியர் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கை. நடுவில் நிறுத்தி ‘அடுத்து என்ன ஆகும்?’, ‘நரி ஏன் பொய் சொன்னது?’ என்று பிள்ளைகளைப் பேசவிட வேண்டும். பாடம் முடிந்து நேரமிருந்தால் என்றில்லாமல், கால அட்டவணையிலேயே இதற்கு இடம் தேவை. மலைக்கிராம ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இணையத்தில் விவரங்களைப் பதிவேற்றும் வேலையில் மூழ்கினால் இது நடக்காது. அந்தச் சுமையைக் குறைக்க வேண்டியது கல்வித்துறை.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 2023-லிருந்து நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் பள்ளிப் புத்தகங்கள் பீரோவுக்குள் புத்தம்புதிதாகவே இருந்துவிடுவது நம் பழைய நோய். இதில் தலைமையாசிரியரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் கிழிந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஏழு வயதுப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகம் கிழியத்தான் செய்யும், சாம்பார்க் கறை படியத்தான் செய்யும். தொடக்கப் பள்ளிகளில் கிழிந்த கதைப் புத்தகங்களை விளக்கம் கேட்காமல் கழிவில் எழுதிக்கொள்ளலாம் என்று மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். வரும் கல்வியாண்டின் முதல் நாளுக்குள் அது ஒவ்வொரு பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும்.