நெஞ்சுக்குள் ஒரு மணிக்கூடு

சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் இரவு அந்த அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "தங்கச்சி, இந்தச் சத்தம் உங்களுக்கும் கேக்குதோ? இல்லாட்டி எனக்கு மட்டும்தானோ?"

வாட்டில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவரது கட்டிலருகே குனிந்து கேட்டேன். கேட்டது. சின்னக் கைமணிக்கூடு ஒன்றைத் துணியில் சுற்றி வைத்ததுபோல, டிக், டிக் என்று. அது அவருடைய நெஞ்சுக்குள் வைத்த புதிய வால்வு மூடித் திறக்கும் சத்தம். வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் சொன்னதைக் கேட்பதும், நள்ளிரவில் தன் உடம்புக்குள்ளேயே அந்தச் சத்தத்தைக் கேட்பதும் ஒன்றல்ல. டிக் டிக் என்ற சத்தத்துக்குப் பயந்து நின்ற நாட்கள் எம்மில் பலருக்கும் உண்டு. அவர் ஏன் நித்திரை கொள்ளவில்லை என்று நான் விளக்கம் கேட்கவில்லை.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கிராமம். 2009 இற்குப் பின் கணவர் பற்றி எந்தத் தகவலும் இல்லை. ஒரு மகன், ஒரு மகள். சிறுவயதில் இடம்பெயர்ந்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்த காலத்தில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, பின்பு முழங்கால்கள் மாறி மாறி வீங்கினவாம். "எண்ணெய் பூசினவை, மாறிட்டுது" என்றார். மாறியது முழங்கால் மட்டுந்தான். வாதக் காய்ச்சல் என்ற அந்த நோய் தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமியால் தொடங்குகின்றது. கிருமியை எதிர்க்கப் புறப்படும் உடம்பின் காவல் சக்தி, தவறுதலாக இதய வால்வுகளையும் தாக்கிவிடும். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டு, நோய் திரும்பத் திரும்ப வராமல் தடுக்கலாம். ஓடித்திரிந்த சனத்துக்கு மாதாமாதம் கிளினிக் எங்கே? இருபது, முப்பது வருடங்கள் கழித்து, தண்ணீர்க் குடத்தோடு படி ஏறும்போது மூச்சு வாங்கியபோதும் அவர் அதைக் களைப்பு என்றே நினைத்தார். பெண்களுக்குக் களைப்பு வருவது இயல்பு என்று எமது சமூகம் சொல்லித் தந்திருக்கிறதல்லவா?

இதய வால்வு என்பது ஒரு கதவு. இரத்தத்தை முன்னுக்கு விட்டு, பின்னுக்குத் திரும்பாமல் மூடிக்கொள்ளும். அக்காவுக்கு இடது பக்கத்திலுள்ள மைற்றல் வால்வு தடித்துச் சுருங்கிப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். 1960 இல் அமெரிக்காவில் அல்பேர்ட் ஸ்டார் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் லோவெல் எட்வேட்ஸ் என்ற பொறியியலாளரும் சேர்ந்து உருவாக்கிய வால்வு, கூண்டுக்குள் ஒரு பந்து போட்டதுபோல இருந்தது. இப்போது வைப்பது இரண்டு அரைவட்டத் தகடுகள் கொண்டது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை மூடித் திறக்கும். மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்த வால்வும் உண்டு. அது சத்தம் போடாது, ஆனால் இளவயதினருக்கு விரைவில் பழுதாகும். எது யாருக்குப் பொருத்தம் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுப் பேசுங்கள். பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்கள் அதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் பற்றி யாரும் எமக்குச் சொல்வதில்லை. கண் விழிக்கும்போது தொண்டைக்குள் குழாய் இருக்கும், பேச முடியாது. நெஞ்சிலிருந்து ஒன்றிரண்டு குழாய்கள் வெளியே வரும். கழுத்திலும் கையிலும் ஊசிக்குழாய்கள், சிறுநீருக்கு ஒரு குழாய். கைகளைக் குழாயை இழுக்காதபடி கட்டியும் வைத்திருக்கலாம். கட்டப்பட்ட கைகளோடு கண் விழிப்பது எமது பெண்கள் சிலருக்கு எதனை நினைவூட்டும் என்பதனை நான் எழுதத் தேவையில்லை. ஆகவே முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: அது உங்களைக் காப்பதற்காக. பெரும்பாலும் சில மணித்தியாலங்களில், அல்லது அடுத்த நாளில், மூச்சுக்குழாயை எடுத்துவிடுவார்கள். அப்படியொரு பழைய அனுபவம் உங்களுக்கு இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கொழும்பில் சிகிச்சை என்றால் மொழியும் ஒரு பிரச்சினை. தாதிமார் அன்பானவர்கள்தான், ஆனால் இரவுக் கடமையில் தமிழ் தெரிந்தவர் இல்லாமற் போகலாம். நாங்கள் ஒரு மட்டையில் சில படங்கள் கீறி, பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தோம். நோகுது என்பதற்கு "ரிதெனவா", தண்ணீருக்கு "வத்துர", மூச்சு விடக் கஷ்டம் என்பதற்கு "ஹுஸ்ம கன்ன அமாருய்". அக்கா விரலால் படத்தைத் தொட்டுக் காட்டினார். குழாய் எடுத்த பிறகு "வத்துர" என்று அவர் சொன்னபோது அந்தத் தாதி சிரித்துக்கொண்டே நாக்கை நனைக்கச் சில துளி தந்தாராம். அதற்குப் பிறகு இருவருக்கும் நல்ல நட்பு.

அடுத்த நாளே எழுந்து கதிரையில் இருக்கச் சொல்வார்கள். "நெஞ்சைப் பிளந்து ஒரு நாள்கூட ஆகேல்லை, கொலை செய்யினம்" என்று அக்கா அழுதார். ஆனால் படுத்தே கிடந்தால் சளி சேர்ந்து நியூமோனியா வரும், காலில் இரத்தம் கட்டும். மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்ரிக் கருவியில் மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை உயர்த்த வேண்டும். இருமும்போது சிறு தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமுங்கள். தலையணை இல்லையென்றால் மடித்த துவாய் போதும். நோவு மருந்து கேட்பது பலவீனமல்ல. நோவைப் பொறுத்துக்கொண்டு இருமாமல் இருப்பதுதான் ஆபத்து.

இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சிலருக்கு நெஞ்சு பறவை சிறகடிப்பதுபோலப் படபடக்கும். அது அடிக்கடி நடப்பதுதான், மருந்துண்டு. உடனே தாதியிடம் சொல்லுங்கள். சாப்பாடு ருசிக்காது. மலச்சிக்கல் வரும், முக்கக் கூடாது, மருந்து கேளுங்கள். காரணமில்லாமல் அழுகை வரும். அக்கா மூன்றாம் நாள் முழுவதும் அழுதார். பழைய ஆட்கள் எல்லாரும் கனவில் வந்தார்களாம். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் இப்படி மனம் தளர்வது பலருக்கும் நிகழும், பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். குறையாவிட்டால் அதற்கும் வைத்தியம் இருக்கின்றது.

இன்னுமொன்று. ஆண் வைத்தியர்கள் முன் கேட்க வெட்கப்பட்டு எம்மவர் வாய்திறப்பதில்லை. மார்பின் பாரம் தையலைக் கீழே இழுக்கும், நோவு கூடும். முன்பக்கம் கொளுவி உள்ள, மெதுவான பருத்தி உள்ளாடை அணிந்தால் சுகமாக இருக்கும். தாதியிடம் கேட்டுவிட்டு அணியுங்கள். அக்காவுக்கு இதைச் சொன்னது பக்கத்துக் கட்டில் அம்மா, வைத்தியசாலையில் எவரும் அல்ல.

எட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். வாகனத்தில் நீண்ட பயணம். இடையிடையே இறங்கிச் சிறிது நடக்க வைத்தோம்.

உண்மையான சிக்கல் வீட்டில்தான் தொடங்கியது. நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டித்தான் மூடியிருக்கிறார்கள். அது பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் எடுக்கும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, தேங்காய் துருவுவது, உரல் இடிப்பது, சைக்கிள் ஓடுவது எதுவும் கூடாது. படுக்கையிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றித் தள்ளாமல், ஒருபக்கம் சரிந்து, கால்களைக் கீழே விட்டு எழ வேண்டும். இதெல்லாம் தாளில் எழுதித் தந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் அள்ள வேறு யார்? தாளை எழுதியவர்கள் வீட்டில் இன்னொரு பெரியவர் இருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று அறிக்கைகளில் நாம் எழுதும் சொல்லின் பொருள், பத்தாம் நாள் கிணற்றடியில் வெறும் வாளியோடு நின்ற அக்காவைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பதினான்கு வயது மகன் தண்ணீர் அள்ளத் தொடங்கினான். சோறும் வடித்தான். "ஆம்பிளைப் பிள்ளையை அடுப்படியில விட்டிருக்கிறா" என்று ஒருவர் சொன்னார். அவன் காதில் விழுந்தும் அவன் நிறுத்தவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள் நாலுபேர் முறைவைத்து மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். காயத்தில் மஞ்சள் அரைத்துப் பூசவும் ஒருவர் ஆயத்தமாக வந்தார். நல்ல மனதுதான், ஆனால் வேண்டாம். வெறும் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும்.

இனி, என் பிழை. செயற்கை வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க வாஃபரின் குளிசை தருவார்கள். அது வாழ்நாள் முழுவதற்கும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒருநாள் மறந்தால் அடுத்தநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு பார்ப்பார்கள். மைற்றல் வால்வு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் இருக்கச் சொல்வார்கள். குறைந்தால் வால்வில் கட்டிபடும், கூடினால் இரத்தம் போகும். இத்தனையும் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன், கொப்பியில் நேரமும் எழுதிக் கொடுத்தேன். வேறு ஏதும் குளிசை போடுகிறீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. நாரி நோவுக்கு அவர் கடையில் டைக்குளோபினாக் வாங்கி நாலு நாள் போட்டிருக்கிறார். பதினேழாம் நாள் மலம் தார்போலக் கறுத்து, தலை சுற்றி முற்றத்தில் இருந்துவிட்டார். மகன்தான் 1990 இற்கு ரெலிபோன் எடுத்தான். அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலையில் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் என்று வைத்தியர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆகவே வாஃபரின் போடுபவர்கள் அஸ்பிரின், டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவற்றை வைத்தியர் சொல்லாமல் தொடக் கூடாது. நாட்டு மருந்தும் கேட்காமல் வேண்டாம். நோவுக்குப் பரசிற்றமோல், அதுவும் சொன்ன அளவில். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகளை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் ஒரு கிழமை ஒன்றுமில்லாமல், அடுத்த கிழமை சட்டி நிறையச் சாப்பிட்டால் அளவு குழம்பும். எப்போதும் ஒரேமாதிரிச் சாப்பிடுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகலாம், கிளினிக்கில் சொல்லுங்கள். இந்தக் குளிசை வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக் கூடியது. கர்ப்பமாக நினைத்தால் முன்கூட்டியே, நாள் தள்ளிப்போனால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். நீங்களாகக் குளிசையை நிறுத்துவதும் அதேயளவு ஆபத்து. பல் பிடுங்கப் போனால் வால்வு மாற்றியவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

காய்ச்சல், காயத்தில் சீழ், நெஞ்செலும்பு அசைவதுபோல ஒரு கிளிக், இரண்டு மூன்று நாளில் நிறை இரண்டு கிலோ கூடிக் கால் வீங்குதல், படுத்தால் மூச்சு முட்டுதல், முகம் கோணுதல், பேச்சுக் குளறுதல், வால்வின் சத்தம் மங்கிப்போதல் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

போன கிழமை அக்காவிடம் போனேன். அடுத்த ஐ.என்.ஆர். நாளுக்குப் பஸ்காசு ஒரு சிமிழில் தனியாக இருந்தது. இப்போது சத்தம் எப்படி என்று கேட்டேன்.

"எனக்குப் பழகிட்டுது. மகளுக்குத்தான் அது இல்லாமல் நித்திரை வராதாம்" என்றார். சின்னவள் அவரது தோளில் தலைவைத்துக் கிடந்தாள். நெஞ்சில் வைக்கக் கூடாதென்று அவளுக்குத் தெரியும்.