எலிக்குக் கேட்ட மருந்து

தாராவியில் தோல் பை தைக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரை நண்பர் சென்ற வாரம் கல்யாணில் என் வீட்டுக்கு அழைத்து வந்தார். கையில் ஓர் ஆங்கிலக் கட்டுரை. அவருடைய 19 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோதெரபி முடிந்தும் நோய் திரும்பிவிட்டது. டாக்டர் சொன்ன புதிய சிகிச்சையைப் பற்றி நான் தமிழில் சொல்ல வேண்டும்.

சொன்னேன். நமது ரத்தத்தில் டி செல்கள் என்ற காவலர்கள் உண்டு. மார்புக்கூட்டின் மேல்பகுதியில் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் அந்தப் பெயர். அந்தச் சுரப்பியின் பயனே எலிகளால்தான் தெரியவந்தது. 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை அகற்றினார். எதிர்ப்புச் சக்தியில்லாமல் அவை நோயில் மடிந்தன.

புதிய சிகிச்சையில் நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, திரும்பச் செலுத்துகிறார்கள். பவாய் ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியல் மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் மனிதப் புற்றுச் செல்களை எலிகளுக்குள் செலுத்திச் சோதித்தார்கள்.

அவர் குறுக்கிட்டார்: "எலிக்குக் கேட்ட மருந்து எம் பயலுக்குக் கேக்குமா, அண்ணாச்சி?"

விஞ்ஞானிகள் கேட்கும் கேள்வியும் அதுதான். இந்தச் சோதனைக்கான எலிகள் சொந்த எதிர்ப்புச் சக்தி இல்லாதவை. அதனால்தான் மனிதச் செல்களை ஏற்கின்றன. அதனாலேயே, மனித உடலில் எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று தூண்டிக் கிளப்பும் புயலை அவை சரியாகக் காட்டுவதில்லை. 2006 மார்ச்சில் லண்டனில், டி செல்களைத் தூண்டும் ஒரு மருந்து ஆறு பேருக்குச் செலுத்தப்பட்டது. விலங்குகள் தாங்கிய மருந்துதான். சில மணி நேரத்தில் ஆறு பேருமே அபாய கட்டத்தில். நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள்.

எனவே எலி வழியைத்தான் காட்டும், உத்தரவாதம் தராது. நெக்ஸ்கார்19-ஐப் பொறுத்தவரை, மனிதர்களிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2025-ல் வெளியாயின. நான்கில் ஏறக்குறைய மூன்று பேருக்கு மருந்து கேட்டிருக்கிறது. சிலருக்கு நோய் திரும்பியதும் உண்டு. இரண்டையும் சொன்னேன்.

"எவ்வளவு ஆகும்?" என்றார்.

வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்று 2024 ஏப்ரலில் அறிமுக விழாவில் பெருமைப்பட்டார்கள். நியாயமான பெருமை. ஆனால் அந்த ஒரு பங்கே பல லட்சம். ஆராய்ச்சிக்கு அரசுப் பணமும் உதவியது. அதன் பலன் பை தைப்பவர் வீட்டுக்கு வர வழி செய்ய வேண்டியது அரசு. அதற்கு எலிகளைக் கேட்க வேண்டியதில்லை.